துருத்தியில் பிறந்த பாட்டு

குத்தாலம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் அருவியைப் பற்றித்தான் கேட்பார். அருவி இருப்பது தென்காசிப் பக்கத்துக் குற்றாலத்தில். எங்களுடையது கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில், காவிரிக்கரையில், நெல் வயலும் கோயிலுமாக இருக்கிற ஊர். தேவாரத்தில் இதன் பெயர் திருத்துருத்தி. ஆற்றுக்கு நடுவே திட்டாக நிற்கும் நிலத்துக்குத் துருத்தி என்று பெயர். கொல்லன் உலையில் காற்று ஊதும் பையும் துருத்திதான். ஆர்மோனியப் பெட்டியின் பின்பக்கம் விரிந்து மூடுகிற மடிப்பும் துருத்திதான். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது துருத்தியைப் பற்றியது. அதன் முன்னால் உட்கார்ந்து, எழுபது வயதுக்கு மேல் தன் பழைய பாட்டுகளைத் திரும்பத் திறந்து பார்த்த ஒரு மனிதரைப் பற்றியதும்கூட.

எம்.எஸ்.விஸ்வநாதனை என் தலைமுறை பெரும்பாலும் அப்படித்தான் பார்த்திருக்கிறது. நெற்றியில் திருநீறு, குங்குமம். முன்னால் ஒரு பெட்டி. தொலைக்காட்சியிலோ மேடையிலோ உட்கார்ந்து, ஒரு பாட்டின் மெட்டு எப்படி வந்தது என்று சொல்லிக்கொண்டே வாசிப்பார். கண்ணதாசன் எந்த வரியைக் கொடுத்தார், அதற்கு முதலில் எந்த மெட்டைப் போட்டுப் பார்த்தார், அது ஏன் சரிவரவில்லை என்பதெல்லாம் பெட்டியிலிருந்தே வரும். நாம் பிறப்பதற்கு முன்பே முடிந்து, இறுகி, வானொலியில் ஆயிரம் தடவை கேட்டுத் தேய்ந்த பாட்டு, அந்தப் பத்து நிமிஷத்துக்கு இன்னும் முடியாத பாட்டாகிவிடும்.

எங்கள் வீட்டில் இந்த நிகழ்ச்சிகளை விடாமல் பார்த்தவர் சித்தப்பா. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். ‘பாட்டைப் பாக்காதடா, எடது கையப் பாரு’ என்பார். அந்த இடது கையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வயதான இசைக்காரர் தன் பழைய பாட்டுகளைத் தனி வாத்தியத்தில் திரும்ப வாசிப்பது உலகத்தில் புதிதல்ல. ‘பீச் பாய்ஸ்’ குழுவின் பிரையன் வில்சன் 2021-ல், எழுபத்தொன்பதாவது வயதில், தன் பாடல்களைப் பாடாமல் பியானோவில் மட்டும் வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஜப்பானின் ரியூயிச்சி சகமோட்டோ புற்றுநோயோடு இருந்த 2022 செப்டம்பரில், டோக்கியோவில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் பியானோ முன் உட்கார்ந்து இருபது பாடல்களை வாசித்தார். ஒரே மூச்சில் வாசிக்க உடம்பு இடம் கொடுக்காததால், சில நாட்களாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக. 1978-ல் மின்னணு இசையாக, துள்ளலாக வந்த ஒரு மெட்டு அதில் நிதானமாக நடந்து வருகிறது. 2023 மார்ச்சில் அவர் இறந்தார். அந்த வாசிப்பை அவர் மகன் நியோ சோரா ‘ஓபஸ்’ என்ற படமாக்கியிருக்கிறார்.

அதைப் பார்த்து முடித்த ராத்திரி எனக்கு வந்த கேள்வி: நம்மிடம் இப்படி ஒன்று ஏன் இல்லை? இதற்குப் பதில் தேடப் போனால், முதலில் நம்முடைய பியானோ எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பியானோவும் மேல்நாட்டு பேண்டும் டெல்டாவுக்கு அந்நியமல்ல. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனையிலேயே மேல்நாட்டு இசை ஒலித்திருக்கிறது. ஆனால் அது அரண்மனையோடு நின்றுவிட்டது. தெருவுக்கு வந்தது ஆர்மோனியம். பிரான்சில் டெபைன் என்பவர் 1840-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய வாத்தியம் அது. அங்கே அதைக் காலால் மிதித்து வாசித்தார்கள். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் காற்றடித்து, மறு கையால் வாசிக்கும்படி மாற்றினார். தூக்கிக்கொண்டு ரயில் ஏறலாம், மாட்டுவண்டியில் போகலாம். நாடகக் கம்பெனிகளுக்கு வேறென்ன வேண்டும்? கிட்டப்பாவின் குரலுக்குப் பக்கத்தில் அவர் அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் இருந்தது. அந்த மேடைகளில் பெட்டி வாசிப்பவர் ஓரத்தில் ஒதுங்கி உட்காரும் ஆளல்ல. நாடகமே அவர் கையில்தான் ஓடும்.

சங்கீத உலகம் மட்டும் அதை உள்ளே விடவில்லை. காரணம் இருக்கிறது. குத்தாலத்துக்குப் பக்கத்தில்தான் திருவாவடுதுறை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கேட்டு வளர்ந்த மண் இது. தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். ஆர்மோனியத்தின் கட்டைக்கு அசையத் தெரியாது. அழுத்தினால் ஒரு சத்தம், விட்டால் இல்லை. ‘இந்தப் பொட்டில தோடி வராதுடா’ என்று சித்தப்பாவே சொல்வார். டெல்லி வானொலியில் மேல்நாட்டு இசைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் அதற்கு எதிராக எழுதினார். தாகூருக்கும் அந்தப் பெட்டி ஆகாது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. அது தளரத் தொடங்கியது 1971-ல்தான்.

இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நாம் பொற்காலம் என்று சொல்லும் தமிழ்த் திரைப்பாட்டின் பெரும்பகுதி அந்த இடைவெளியில் பிறந்ததுதான். பிறந்த இடம் ஆர்மோனியம். பெட்டிக்கு வானொலி நிலையத்துக்குள் அனுமதியில்லை. பெட்டியில் பிறந்த பாட்டு அதே வானொலி வழியாக ஒவ்வொரு டீக்கடைக்கும் வந்து சேர்ந்தது.

திரையிலும் இதே கதைதான். ‘புதிய பறவை’ (1964) படத்தில் விருந்து நடக்கும் பங்களா, நடுவில் பியானோ, சரோஜாதேவி பாடுகிறார், சிவாஜி வாசிக்கிறார். அன்றைய படங்களில் பியானோ வைத்திருக்கும் வீடு என்றால் பணக்கார வீடு. காதலைச் சொல்லவும் சோகத்தை மறைக்கவும் கதாநாயகன் அதன் முன்னால் போய் உட்காருவான். ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு மெட்டு போட்ட அறையில் கால் மடித்து உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் இருந்தது பெட்டிதான். திரையில் பியானோ, திரைக்குப் பின்னால் ஆர்மோனியம்.

விஸ்வநாதனின் கதையே பெட்டியில்தான் தொடங்குகிறது. 1928-ல் பாலக்காட்டுக்குப் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்தவர். கோயம்புத்தூரில் ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை பார்த்த பையன், எஸ்.எம்.சுப்பையா நாயுடு இல்லாத நேரத்தில் அவருடைய ஆர்மோனியத்தைத் தொட்டு ஒரு மெட்டு வாசித்தான், அதைக் கேட்டுவிட்ட நாயுடு அதைப் படத்தில் பயன்படுத்திக்கொண்டார் என்பது திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அந்தக் கதையின் பின்பாதிதான் முக்கியம். பின்னாளில் நாயுடுவே, தன் பெயரில் வந்த மெட்டுகளில் இந்தப் பையன் போட்டதும் உண்டு என்று முதலாளிகளிடம் சொன்னாராம். பெட்டியிலிருந்து வரும் மெட்டு யாருடையது என்ற கேள்வி அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அடுத்து சி.ஆர்.சுப்பராமன் குழு. அங்கே விஸ்வநாதன் ஆர்மோனியம், டி.கே.ராமமூர்த்தி வயலின். 1952-ல் இருபத்தெட்டே வயதில் சுப்பராமன் இறந்துபோக, ‘தேவதாஸ்’ உட்பட அவர் பாதியில் விட்ட வேலைகளை இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் ‘பணம்’ படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று பெயர் வந்தது. ராமமூர்த்தி வயதில் ஆறு வருஷம் மூத்தவர். காவிரியில் நமக்கு மேலே இருக்கும் திருச்சியில், வயலின் குடும்பத்தில் பிறந்தவர். 1963-ல் இருவருக்கும் சேர்த்துத்தான் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம். 1965-ல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு, பிரிந்தார்கள்.

‘எடது கையப் பாரு’ என்ற பேச்சுக்கு இப்போது வரலாம். பியானோவில் இரண்டு கையும் சுரத்துக்கு. வலது கை மெட்டு, இடது கை அடிச்சுரம். அதனால்தான் வில்சனாலும் சகமோட்டோவாலும் வாயே திறக்காமல் முழுப்பாட்டையும் கொண்டுவர முடிந்தது. இன்னொன்று, பியானோவில் கட்டையைத் தட்டிய கணமே சத்தம் தேயத் தொடங்கிவிடுகிறது. கடைசி நாட்களின் சகமோட்டோ அந்தத் தேய்வைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். ஆர்மோனியம் வேறு சாதி. இடது கை முழுக்கத் துருத்திக்குப் போய்விடும். காற்று இருக்கும்வரை சத்தம் சாகாது; காற்று நின்றால் உடனே செத்துவிடும். மிச்சம் இருப்பது ஒரே கை. அதனால் வாசிப்பவர் பாடித்தான் ஆகவேண்டும்.

விஸ்வநாதன் பாடினார். டி.எம்.எஸ்.ஸுக்கும் சுசீலாவுக்கும் சொல்லிக்கொடுத்த அதே குரல், உச்சத்தில் கீச்சிட்டாலும் பிடித்த சுரத்தை விடாத குரல். வாத்தியக்குழு இல்லாமல் கேட்கும்போது மெட்டின் எலும்பு தெரிந்தது. ஒரு ராகத்தில் கிளம்பி, நடுவில் அதற்குச் சொந்தமில்லாத சுரத்தைத் தொட்டு, யாருக்கும் உறுத்தாமல் வீடு திரும்பும் வித்தை தெரிந்தது. வார்த்தை எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே மெட்டும் மூச்சு விடுவது தெரிந்தது. இது உண்மையான ஆதாயம். வரலாறு எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது.

ஆனால் இது பாதி சாட்சியம். ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் ஒலிப்பதிவுக்கூடத்தில் நடப்பதாக எடுத்த பாட்டைப் பாருங்கள். விஸ்வநாதன் நின்று நடத்துகிறார், டி.எம்.எஸ். பாடுகிறார், சுற்றிலும் ஒரு கூடம் நிறைய வாத்தியக்காரர்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அக்கார்டியன் மங்களமூர்த்தி, ஹென்றி டேனியல் என்று விரலில் எண்ணுவோம், அவ்வளவுதான். வயதான மேதை ஒற்றை வாத்தியத்தோடு திரும்பி வரும்போது அந்தக் கூடம் காலியாகிவிடுகிறது. பாட்டு ஒரே ஆளிடம் பிறந்து ஒரே ஆளிடம் திரும்பியது போல ஆகிவிடுகிறது. வில்சனின் பியானோவிலும் இதே சிக்கல்தான். அந்தப் பாட்டுகளுக்கு ஹால் ப்ளெய்னின் டிரம்ஸும் கரோல் கேயின் பேஸ் கிட்டாரும் சேர்ந்துதான் உயிர் கொடுத்தன.

ராமமூர்த்திக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. நாம் கேட்டது பெட்டியை. பெட்டி வைத்திருந்தவர் சொன்னதுதான் நமக்கு வரலாறு. ‘எங்கிருந்தோ வந்தான்’ (1995) படத்துக்காக இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012-ல் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ பட்டத்தையும் இருவருக்கும்தான் கொடுத்தார்கள். 2013 ஏப்ரலில் ராமமூர்த்தி போனார். 2015 ஜூலை 14-ல் விஸ்வநாதனும் போனார். சகமோட்டோவுக்கு வாய்த்ததுபோல, நல்ல மைக்கும் அமைதியான கூடமும் வைத்து, ‘ஐயா, இருபது பாட்டு வாசிங்க’ என்று உட்காரவைத்து எடுத்த பதிவு ஒன்றும் என் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் கைதட்டலும் தொகுப்பாளர் பேச்சும் விளம்பர இடைவேளையும் நடுவில் புகுந்த துணுக்குகள்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் பெட்டியை எடுக்கச் சொன்னேன். துருத்தியில் ஓட்டை, சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருந்தார். ஃபோனைத் திண்ணையில் வைத்துப் பதிவு செய்தேன். பழைய விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டு ஒன்றை வாசித்தார். பல்லவி முடிந்து சரணத்துக்கு முந்தைய இடையிசை வந்ததும் வலது கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டார். இடது கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லை. ஓட்டை வழியாகக் காற்று போகும் சீறல் மட்டும்.

‘ஏன் சித்தப்பா நிறுத்திட்டீங்க?’

‘நிறுத்தலடா. இது ராமமூர்த்தி எடம். வயலின் போய்க்கிட்டிருக்கு’ என்றார். கணக்காக எட்டு ஆவர்த்தம் கழிந்ததும் சரணத்தை எடுத்தார்.