பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்கு

தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், காவிரிக் கரைக்கு மேலே உயர்ந்து கிடக்கும் மேட்டுப் பூமி பென்னாகரம் வட்டம். ஊரிலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஆனால் ஆறு அங்கே பாறைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடுகிறது. மேட்டுக் காடுகளுக்கு அதன் தண்ணீர் ஏறுவதில்லை. கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை, வரப்போரத்துப் புளியமரம் என்று மழையையும் கிணற்றையும் நம்பிய வெள்ளாமைதான் பெரும்பாலும். மழை தவறிய ஆண்டுகளில் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறின.

அந்தத் திசை புதிதல்ல. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பெனியார் கைக்குப் போகும் வரை, அன்று பாராமகால் எனப்பட்ட வட்டாரத்தைச் சேர்ந்த இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம்: புகையும் பாறை என்று பொருள். ஆற்றின் மறுகரையிலிருந்த கொள்ளேகால் வட்டம் 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் பென்னாகரம் பக்கத்து ஊர்களில் இன்றும் உண்டு. ஆகவே பெங்களூரில் காதில் விழும் கன்னடம் இங்கிருந்து போனவர்களுக்கு முழுக்க அந்நியமாக இருக்கவில்லை. ஊரில் தின்ற களி அங்கே முத்தே என்ற பெயரில் தட்டுக்கு வந்தது.

பெங்களூரில் தமிழர் குடியேற்றம் 1809இல் கண்டோன்மென்ட் அமைந்ததோடு வளர்ந்தது. அல்சூரும் சிவாஜிநகரும் அந்தப் பழைய அலையின் இடங்கள். பென்னாகரத்துக் கூலிக் குடும்பங்களின் பெரும் ஓட்டம் அதற்கு வெகுகாலம் கழித்து, நகரம் கட்டடங்களாகப் பெருகியபோது வந்தது. 1991இல் சுமார் 41 லட்சம் பேர் வாழ்ந்த பெருநகர்ப் பகுதியில் 2011இல் சுமார் 85 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த இருபது ஆண்டுகளில் எழுந்த சுவர்களில் பலவற்றுக்குக் கல்லும் மணலும் சுமந்தவர்கள் இத்தகைய வறண்ட வட்டாரங்களின் ஆட்கள்.

போகும் வழியை அமைத்துக் கொடுத்தவர் மேஸ்திரி. முன்பே போன பங்காளியோ மாமன் மச்சானோ அவரிடம் சொல்லிவைக்க, புருஷனும் பெண்சாதியும் ஜோடியாகச் சேர்ந்தார்கள். ஆண்கள் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆனார்கள், அல்லது கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் கற்றார்கள். பெண்கள் பெரும்பாலும் கடைசிவரை சித்தாளாகவே இருந்தார்கள். இருபது ஆண்டு கலவை சுமந்த பெண்ணின் கையில் கரணை வராமல் போனது இந்த வரலாற்றின் பெரிய அநீதி.

முதல் வீடு, கட்டடம் எழும் இடத்திலேயே போட்ட தகரக் கொட்டகை. வேலை முடிந்தால் அதுவும் பிரிக்கப்படும். கையில் கொஞ்சம் சேர்ந்தபின் ஒற்றை அறை வீட்டுக்கு மாறினார்கள்: ஒரே வளாகத்தில் வரிசையாக நிற்கும் லைன் வீடு, கன்னடத்தில் வட்டாரா. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. பெங்களூர் வழக்கப்படி பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்டபோது, அந்தத் தொகைக்காகவே பலர் மேஸ்திரியிடம் கடன்பட்டார்கள்.

பெங்களூருக்குக் காவிரி நீர், நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றப்பட்டு, 1974 முதல் வருகிறது. காவிரிக்குப் பக்கத்திலிருக்கும் பென்னாகரத்தில் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பற்கள் கறைபட்ட கிராமங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. மேட்டுக்குத் தண்ணீரை ஏற்ற முடியும் என்பது நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்தே இருந்தது. வெளியேறிய குடும்பங்களைச் சோம்பேறிகள் என்றோ நிலத்தை மறந்தவர்கள் என்றோ பேசுபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆற்று நீருக்காகத் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடந்த சண்டை இவர்கள் மேலும் விழுந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தார்கள். 2016 செப்டம்பரில் மறுபடி கலவரம். பஸ்கள் எல்லையிலேயே நிற்க, அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர்ப் பக்கம் மக்கள் நடந்தே வந்தார்கள். கூலி பெங்களூரில்தான் என்பதால், தப்பி வந்தவர்கள் கலவரம் அடங்கியதும் பிழைப்புக்காகத் திரும்பிப் போனார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் குடும்பங்கள் அதிகம் தடுமாறின. கூட அழைத்துப் போனால் கட்டடம் மாறும்போதெல்லாம் பள்ளி மாறும், பாடம் கன்னடத்தில் இருக்கும். ஊரில் விட்டால் பாட்டியிடம் வளரும். பெற்றோரைப் பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் பார்க்கும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, ஏறத்தாழ 68.5 சதவீதம். இந்த இடப்பெயர்வுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும்.

ரேஷன் அட்டையும் வாக்கும் ஊரிலேயே இருந்தன. அரிசி வாங்கப் பாட்டி கடை வாசலில் வரிசையில் நிற்க, நகரத்தில் அதே குடும்பம் வெளிச்சந்தை விலைக்கு வாங்கியது. எந்த மாநிலத்திலும் ரேஷன் வாங்க வகைசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில். அதே ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து கட்டட வேலை நின்றபோது, நகரத்தில் வாடகை கட்ட முடியாதவர்களுக்கு ஊர் வீடுதான் அடைக்கலம்.

அந்த ஊர் வீடுகளில் பல, கூலிக் காசில் ஓடு மாற்றித் தளம் போட்டவை. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும். குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வக் கோயிலில். பெண்ணுக்குச் சீரும் தாய்மாமன் முறையும் ஊரில். நகரத்தில் யாராவது இறந்தால் வண்டி பிடித்து உடலை இங்கே கொண்டுவந்து அடக்கம்.