திருச்சுழிப் பிள்ளையும் முகவை வாத்தியாரும்

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனால் வழியெல்லாம் சீமைக் கருவேலம். கரிமூட்டம் போட்டிருக்கிற நாளில் ஜன்னல் வழியே புகைவாடை உள்ளே வரும். குண்டாறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். ஊருக்குள், சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலை ஒட்டி ஒரு வீடு. 1879 டிசம்பர் 30-ல், ஆருத்ரா தரிசனத்தன்று வேங்கடராமன் பிறந்த வீடு. பின்னாளில் ரமண மகரிஷியான அந்தப் பிள்ளையைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அவரிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ்ப் பாட்டு வாங்கிய வாத்தியாரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

பெயர் முருகனார். 1890-ல் ராமநாதபுரத்தில் பிறந்தவர். சுப்பிரமணியன் என்ற பெயரைத் தமிழ்ப்பற்றால் மாற்றிக்கொண்டார். ராமநாதபுரத்தின் மறுபெயரான முகவையை விடவில்லை. அன்றைக்குத் திருச்சுழியும் ராமநாதபுரம் சீமைதான். அது இப்போது இருக்கிற விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-ல். தமிழாசிரியர் வேலை, காந்தி மேல் பக்தி, தேசப் பாட்டு என்று இருந்தவர் கையில் மாமனார் தண்டபாணி சுவாமி ரமணரின் 'அருணாசல அட்சரமணமாலை'யைக் கொடுத்தார். அது அவரை இழுத்தது.

1923 செப்டம்பரில், ரமணர் இருந்த திருவண்ணாமலைக்குப் போனார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பதிகம் எழுதி வைத்திருந்தார். நின்று வாசிக்கத் தொடங்கினால் கண்ணீர் எழுத்தை மறைக்கிறது, குரல் எழும்பவில்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை எழுப்பிப் பாட்டு ஒப்பிக்கச் சொன்ன மனிதர் அவர். ரமணரே தாளை வாங்கிப் படித்தார். 1926-ல் தன் தாயார் மறைந்த பின் முருகனார் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

ஆனாலும் வாத்தியார் குணம் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது. தாருகாவனத்து முனிவர் கதையை முருகனார் திருவாசகத்துத் திருவுந்தியார் மெட்டில் பாடிக்கொண்டு வந்தார். சிவன் உபதேசிக்கும் கட்டம் வந்தது. அங்கே நிறுத்தினார். இதை நான் எழுதக்கூடாது, பகவான் ரமணரே பாட வேண்டும் என்று கேட்டார். 1927-ல் பிறந்த முப்பது பாட்டுகள் அவை, 'உபதேச உந்தியார்'. ரமணரே பிறகு அதைத் தெலுங்கு, சம்ஸ்கிருதம், மலையாளத்திலும் பாடினார்.

மறு வருஷம் இன்னொரு காரியம். ரமணர் அவ்வப்போது எழுதிச் சிதறவிட்ட இருபத்தொரு வெண்பாவை முருகனார் திரட்டிக்கொண்டு போய், இதை நாற்பதாக்கித் தாருங்கள் என்றார். எழுத எழுதப் பழையவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்து அனுபந்தத்துக்குப் போயின. புதுப் பாட்டுகள் வந்து 'உள்ளது நாற்பது' நிறைந்தது. நல்ல ஆசிரியர் கேள்வியை வைத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பார். இங்கே அவர் மாணவராகக் கீழே உட்கார்ந்து அதைச் செய்தார். தமிழுக்கு அவர் செய்த பேருபகாரம் இதுதான் என்பேன்.

இத்தனைக்கும் அவரே பெருங்கவி. 'ரமண சந்நிதிமுறை' திருவாசக வழியில் வந்தது. 'குருவாசகக் கோவை'யில் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல் வெண்பா. கேட்ட உபதேசத்தைப் பாட்டாக்கி நீட்டுவார், ரமணர் திருத்திக் கொடுப்பார். 1973 ஆகஸ்டில் முருகனார் மறைந்த பிறகு வெளிவந்த 'ரமண ஞான போதம்' மட்டும் ஒன்பது தொகுதி.

உந்தி பறத்தல் பெண்பிள்ளைகள் ஆடிய விளையாட்டு. அந்த ஆட்டப் பாட்டின் மெட்டில்தான் உபதேச உந்தியார் ரமணாசிரமத்துத் தமிழ்ப் பாராயணத்தில் இன்றும் ஒலிக்கிறது. கேட்கிறவர்கள் தாளம் தப்பாமல் 'உந்தீபற' என்று சேர்ந்துகொள்கிறார்கள்.