முகப்பருவின் காரணம் தேடிய வரலாறு: புழு முதல் சாக்லேட் வரை

முகப்பருவை வகைப்படுத்தும் முறை இரு நூற்றாண்டுகளில் பெரிதும் மாறவில்லை. அதற்குக் கூறப்பட்ட காரணங்களோ பலமுறை மாறியுள்ளன. இலண்டன் மருத்துவர் தாமஸ் பேட்மன், இராபர்ட் வில்லன் வகுத்த நெறியைப் பின்பற்றி 1813இல் வெளியிட்ட தோல்நோய் நூலில் பருவை நான்காகப் பகுத்தார்: எளிய பரு, கரும்புள்ளிப் பரு, கெட்டிப்பட்ட பரு, ரோசேசியா. ரோசேசியா பின்னர்த் தனி நோயாகப் பிரிக்கப்பட்டது. ஏனைய மூன்றின் சாயலை இன்றைய பகுப்பிலும் காணலாம். கண்ணுக்குப் புலப்படும் வடிவத்தைக் கொண்டு செய்த பகுப்பாதலின், காரணம் மாறியபோதும் அது நிலைத்தது எனலாம்.

கரும்புள்ளியைப் பிதுக்கும்போது வெளிப்படும் வெண்பொருளைப் புழு என்றே ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். அதற்கு வழங்கும் 'கொமிடோ' என்னும் இலத்தீன் சொல்லின் பொருளே பெருந்தீனிக்காரன் என்பதாகும். உண்மையில் அது மயிர்க்காலில் அடைபட்ட எண்ணெய்ப்பசையும் இறந்த தோலணுக்களுமே. அதன் கருமைக்கு அழுக்கு காரணமன்று. ஆயினும் 1842இல் பெர்லினில் குஸ்தாவ் சைமன் நுண்ணோக்கியின்வழி அதே மயிர்க்காலில் உயிருள்ள சிற்றுண்ணி ஒன்றைக் கண்டார். புழு போய் உண்ணி வந்தது! ஆனால் அவ்வுண்ணி நலமான தோலிலும் வாழ்வது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உன்னா, சபுரோ, கில்கிறிஸ்ட் ஆகியோர் ஆராய்ந்த பரு நுண்ணுயிரிக்கும் இது பொருந்தும். ஓரிடத்தில் ஒன்று காணப்படுவதும், அதுவே காரணமாவதும் வேறு. 1941இல் ஹாமில்டன், விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு ஆண் இயக்குநீர் தந்தபோது பரு தோன்றியதைக் காட்டினார். காரணத்தைச் செயலால் சோதித்த ஆய்வு என்னும் வகையில் அது முந்தையவற்றினின்று வேறுபட்டது.

உணவு பற்றிய விவாதம் இத்தகைய தெளிவை எட்டவில்லை. 1969இல் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் ஆகிய மூவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு, சாக்லேட்டால் பரு மிகுவதில்லை என முடிவு கூறியது. பங்கேற்றோர் 65 பேர்; அவர்கள் சாக்லேட் கட்டியை நான்கு வாரமும், சாக்லேட் இல்லாத ஒப்பீட்டுக் கட்டியை நான்கு வாரமும் உண்டனர். ஒப்பீட்டுக் கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன. எனவே இவ்வாய்வு கொக்கோவைப் பற்றி ஓரளவு பேசலாம். சர்க்கரையைப் பற்றி எதுவும் பேச இயலாது. எனினும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்னும் பொதுக் கூற்றுக்கு இதுவே பல்லாண்டுகள் சான்றாகக் காட்டப்பட்டது. 2007இல் ஆஸ்திரேலியாவில் 43 ஆண்களிடம் 12 வாரம் நிகழ்த்திய சோதனையில், குருதிச் சர்க்கரையை விரைந்து உயர்த்தாத உணவை உண்டோரிடம் பரு கூடுதலாகக் குறைந்தது. அதன்பின் அவ்வினா மீண்டும் எழுந்தது.

1969 ஆய்வின் 65 பேரில் 35 பேர் சிறைவாசிகள் என்பது மேற்கோள்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. கிளிக்மன் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் நடத்திய பிற தோல் சோதனைகளுக்காகப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021இல் வருத்தம் தெரிவித்தது.