இறுகிய தோளும் தளர்ந்த தோளும்: ஜார்ஜ் ஃபோர்மேனின் இரண்டு சண்டைகள்

1/ பாக்ஸிங் கிளாஸுக்குப் போனவங்க யாரை வேணும்னாலும் கேளுங்க. முதல் வாரம் முழுக்க கோச் கத்துறது ஒண்ணுதான்: "தோளை லூசா விடு!" புதுசா வர்றவங்களுக்கு இது புரியாது. பலமா குத்தணும்னா இறுக்கிக்கிட்டுத்தானே குத்தணும்? அதுக்கு உடம்பு என்ன பதில் சொல்லுதுன்னு இந்த இழையில் பார்ப்போம். கூடவே ஒரு உலக சாம்பியனின் கதை.

2/ ஜார்ஜ் ஃபோர்மேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் தங்கம். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் 6 தடவை கீழே தள்ளி ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தவர். அடுத்து ஜோ ரோமன் 1 ரவுண்டு, கென் நார்ட்டன் 2 ரவுண்டு. மூன்று பட்டச் சண்டைகளும் சேர்த்து மொத்தமே 5 ரவுண்டுதான்.

3/ சிரிக்க மாட்டார். எதிராளியை முறைத்தே பயமுறுத்துவார். ஒவ்வொரு குத்தையும் கடைசிக் குத்து மாதிரி முழு பலத்தோடு வீசுவார். 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக்அவுட். அப்போ அவர் வயசு 25.

4/ 1974 அக்டோபர் 30. ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கின்ஷாசா. அமெரிக்க டிவி நேரத்துக்காக விடியற்காலை 4 மணி வாக்கில் சண்டை. புழுக்கம் வேறு. எதிரில் 32 வயசு முகம்மது அலி. அலி உயிரோடு திரும்பினால் போதும்னு கவலைப்பட்டவங்க நிறைய பேர்.

5/ இரண்டாவது ரவுண்டிலிருந்து அலி யாருமே எதிர்பார்க்காத ஒண்ணைச் செய்தார். கயிற்றில் போய்ச் சாய்ந்துகொண்டார். முகத்தை இரண்டு கிளவுஸால் மூடிக்கொண்டு, "வா, அடி"ன்னு விட்டுட்டார். ஃபோர்மேன் அகலமாக வீசி வீசி அடித்தார். பெரும்பாலான அடி அலியின் கையிலும் விலாவிலும்தான் விழுந்தது. அலி அவர் காதில் கிண்டல் பேசிக்கொண்டே இருந்தார். கோபம் ஏற ஏற ஃபோர்மேன் இன்னும் இறுகினார்.

6/ இங்கே கொஞ்சம் உடற்கூறு. கையை நீட்டுவது மேல்கையின் பின்பக்கத் தசை, ட்ரைசெப்ஸ். மடக்குவது முன்பக்கத் தசை, பைசெப்ஸ். ஒண்ணு வேலை செய்யும்போது எதிர்த்தசைக்கு "நீ ஓய்வெடு"ன்னு தண்டுவடத்திலிருந்தே உத்தரவு போகும். இதை விளக்கியவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பு மண்டல ஆய்வுகளுக்காக 1932-ல் நோபல் பரிசு பெற்றவர்.

7/ பயத்திலும் கோபத்திலும் என்ன ஆகுது? இரண்டு தசையும் சேர்ந்தே இறுகிக்குது. நிறைகுடத்தைத் தளும்பாமல் தூக்கிட்டுப் போக இந்த இறுக்கம் உதவும். குத்துக்கு உதவாது. ட்ரைசெப்ஸ் கையை முன்னே தள்ள, பைசெப்ஸ் பின்னே இழுக்கும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலரேட்டரைத் திருகுற மாதிரி. பெட்ரோல் போகும், வண்டி போகாது.

8/ அடுத்தது ரத்த ஓட்டம். தசை விடாமல் இறுகியிருந்தால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களையே நெருக்கும். ஆக்சிஜன் வரத்து குறையும், கழிவுகள் தேங்கும். நம்பலைன்னா இப்பவே ஒரு நிமிஷம் முஷ்டியை முழு பலத்தோடு இறுக்கிப் பிடிங்க. ஒரு குத்துகூட விடாமலே முன்கை எரியும். ஃபோர்மேன் இதைத் தோளிலும் கையிலும் ரவுண்டு ரவுண்டாகச் செய்துகொண்டிருந்தார்.

9/ எட்டாவது ரவுண்டு வந்தபோது அவர் கை பாரமாகத் தொங்கியது. கயிற்றில் சாய்ந்திருந்த அலி சடசடவென்று சில குத்துகள் விட்டார். கடைசியாக ஒரு வலது. ஃபோர்மேன் சுழன்று விழுந்தார். ரவுண்டு முடிய 2 விநாடிதான் பாக்கி. அலியின் புத்தி, தாங்கும் சக்தி, அந்தப் புழுக்கம் எல்லாத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனா ஃபோர்மேனைக் களைப்பாக்கியதில் பெரும்பங்கு ஃபோர்மேனுடையதுதான்.

10/ அதோட முடியலை. 1977-ல் ஜிம்மி யங்கிடம் 12 ரவுண்டு ஆடித் தோற்றார். உடை மாற்றும் அறையில் கிட்டத்தட்ட செத்துப் பிழைத்த அனுபவம். அன்றோடு பாக்ஸிங்கை விட்டுவிட்டு மதபோதகர் ஆனார். 10 வருஷம் கிளவுஸ் போடவில்லை.

11/ 1987-ல் திரும்பி வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். குண்டான உடம்பு, மொட்டைத் தலை, வயசு 38. கூடவே அவரும் சிரித்தார்! பழைய முறைப்பு போயே போச்சு. நிதானமாக நடந்து வந்து, ஜாப் போட்டு, காத்திருந்து ஆடினார். ரவுண்டு இடைவேளையில் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பார். 1991-ல் ஹோலிஃபீல்டிடம் பாயின்ட்ஸில் தோற்றார்தான். ஆனா முழு 12 ரவுண்டும் நின்றார். 25 வயசில் 8 ரவுண்டில் தீர்ந்துபோன மனிதர், 42 வயசில்!

12/ 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிரில் 26 வயசு சாம்பியன் மைக்கேல் மூரர், அதுவரை தோற்காதவர். ஃபோர்மேனுக்கு 45. கின்ஷாசாவில் போட்ட அதே டிரங்க்ஸைப் போட்டிருந்தார். அவர் பக்கம் நின்றவர் ஏஞ்சலோ டண்டி, 1974-ல் அலியின் பயிற்சியாளராக எதிர்ப்பக்கம் நின்ற அதே மனிதர்.

13/ ஒன்பது ரவுண்டு வரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் மூரர்தான் முன்னிலை. ஃபோர்மேன் பதறவில்லை. பத்தாவது ரவுண்டில் ஒரு வலது. பெரிய வீச்சு எதுவும் இல்லை, குறுகிய தூரம்தான். மோவாயில் விழுந்தது. மூரர் எழவில்லை. இழந்த பட்டம் 20 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

14/ வயசான உடம்பில் அந்தக் குத்து எங்கிருந்து வந்தது? குத்தின் பலம் பாதத்தில் தொடங்கி இடுப்பு, முதுகு, தோள் வழியாக முஷ்டிக்கு வந்து சேரும். தோள் இறுகினால் வழியிலேயே தடைபடும். ஈரத்துணியை உதறிப் பாருங்க. கையை விறைப்பாக வைத்தால் துணி 'பட்'டுன்னு சத்தம் போடாது.

15/ கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழு, தேர்ந்த எம்எம்ஏ வீரர்களின் தசை மின் செயல்பாட்டை அளந்து 2010-ல் வெளியிட்டது. குத்து கிளம்பும்போது தசை ஒரு முறை இறுகுது. நடுவில் தளர்ந்து வேகம் எடுக்குது. இலக்கில் படும் கணத்தில் மறுபடி இறுகுது. அதனால்தான் மொத்த உடம்பின் கனமும் குத்தோடு சேருது.

16/ ஆக, லூசா விடுவதுன்னா தொளதொளன்னு விடுவது கிடையாது. படும் கணத்தில் முஷ்டி மூடி, மணிக்கட்டு நேராக இருக்கணும். இல்லைன்னா சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு உடையும். கோபத்தில் சுவரைக் குத்திட்டு வர்ற பசங்ககிட்ட டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் எலும்புமுறிவு அது. "பாக்ஸர் முறிவு"ன்னே பேர்.

17/ பயிற்சி செய்றவங்களுக்கு: மூச்சைப் பிடிக்காதீங்க, ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்'னு விடுங்க. தோள் காதை நோக்கி ஏறுதான்னு கவனிங்க. பாதி பலத்தில் வேகமாக அடிச்சுப் பழகுங்க. பெற்றோர்களே, ஓரத்தில் நின்னு "இன்னும் பலமா அடி"ன்னு கத்தாதீங்க. குழந்தை இறுகிப்போகும்.

18/ கயிற்றில் சாய்ந்து அடி வாங்கும் அலியின் வித்தையை மட்டும் யாரும் முயற்சி பண்ணாதீங்க. அவர் கடைசிச் சண்டை 1981-ல், பார்க்கின்சன் நோய் உறுதியானது 1984-ல். எந்த அடி காரணம்னு யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனா தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. பிள்ளைக்கு பாக்ஸிங் கத்துக்கொடுங்க. ஸ்பாரிங்கில் தலையடியைக் குறைக்கும் கோச்சாகத் தேடிப் பிடிங்க.

19/ ஃபோர்மேன் 2025 மார்ச் 21 அன்று காலமானார். நேரம் கிடைத்தால் கின்ஷாசா, லாஸ் வேகாஸ் இரண்டு சண்டையையும் அடுத்தடுத்து பாருங்க. குத்தைப் பார்க்க வேண்டாம், அவர் தோளை மட்டும் பாருங்க.