கத்தி வாயும் தோலின் கனமும்: பாலாற்றங்கரையில் சாணைக் கலையின் பரிணாமம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிப் பரந்து கிடக்கும் தோல் தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், ஆவாரம்பட்டையின் குணத்தையும், 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயிலின் பயனையும், 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் தொடங்கிய குரோம் பதனீட்டுச் சோதனைகளையும் விரிவாகப் பேசியிருக்கிறார்களேயன்றி, தோலைத் தொட்ட கத்தியின் வாய் எவ்வாறு தீட்டப்பட்டது என்பதைப் பற்றிப் பெரும்பாலும் மௌனமே சாதித்திருக்கிறார்கள். தோலின் மதிப்பை நிர்ணயிப்பவற்றுள் அதன் கனம் எங்கும் சீராக இருப்பது பிரதானமானது. அச்சீரைத் தருவது கத்தி வாயின் பதம். அந்தப் பதம் எந்தக் காலத்தில் எவர் கையில் இருந்தது என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

தோல் பதனிடும் பழைய ஷாப்புகளில், சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சாய்வான மரக்கட்டையின்மேல் விரித்து, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் வழித்தார்கள். மயிர் வழிக்கும் கத்திக்குக் கூர்மை ஆகாது. கூர் சற்று மிகுந்தாலும் தோலின் முகத்தில் கீறல் விழும், அக்கீறலை எந்த மெருகும் மறைக்காது. சதைப்புறத்துச் சவ்வை நீக்கும் கத்தியோ கூராக இருந்தே தீரவேண்டும். மழுங்கினால் அது அறுக்காமல் பிய்க்கும். ஆகவே, ஒன்றை மழுக்கியும் மற்றொன்றைத் தீட்டியும் பேணும் விவேகம் தொழிலாளியின் கைக்குப் பழக்கமாயிற்று.

எனினும் மிக நுட்பமான வாய் இங்கு இருக்கவில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட 'ஈஸ்ட் இந்தியா' தோல்கள் அரைகுறைப் பக்குவத்திலேயே கப்பலேறி இலண்டன் ஏலங்களில் விற்கப்பட்டன. அவற்றை வேண்டிய கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, மெருகிட்ட வேலையில் பெரும்பகுதி அந்நாட்டுத் தொழிலாளரிடமே இருந்தது. அவர்களுடைய சீவுகத்தி விசித்திரமானது: கல்லில் தீட்டிய வாயை வழவழப்பான எஃகுக் கோலால் அழுத்தி, அலகுக்குச் செங்குத்தாக மடித்துவிடுவார்கள். மற்றக் கத்திகளில் பிசிறு என்று உதறப்படும் அந்த மடிப்பே இங்கே வெட்டும் வாய். வேலைக்கிடையே அது தளரும்போதெல்லாம் விரலிடையே வைத்திருக்கும் சிறு எஃகுத் துண்டால் வருடி நிமிர்த்திக்கொள்வார்கள். லாபத்தின் பெரும்பங்கு அந்த மடிப்பு இருந்த இடத்தையே சென்றடைந்தது என்று கூறுவது மிகையாகாது என்பது என் அபிப்பிராயம்.

இந்நிலையை மாற்றியது சாணைக்கல்லன்று, அரசாணை. 1972-இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, மறு ஆண்டு முதல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, அரைப்பதனீட்டுத் தோலுக்கும் வரம்பு விதிக்கப்படவே, தோலை இங்கேயே முடித்தாக வேண்டிய நிர்ப்பந்தம் பிறந்தது; தோலை அடுக்காகப் பிளக்கும் ஸ்பிளிட்டிங் யந்திரங்களும் வேண்டிய கனத்துக்குச் சீவும் ஷேவிங் யந்திரங்களும் பாலாற்றங்கரையில் பெருகின.

ஸ்பிளிட்டிங் யந்திரத்தில் இரு பெரிய சக்கரங்களின்மேல் முடிவின்றி ஓடும் எஃகுப் பட்டையே கத்தி. அது ஓடும்போதே மேலும் கீழுமாக அமைந்த சாணைச் சக்கரங்கள் அதைத் தீட்டிக்கொண்டிருக்கும். ஷேவிங் யந்திரத்தின் உருளையிலோ, நடுவிலிருந்து இருபுறமும் எதிரெதிராகச் சுற்றும் திருகுவடிவ அலகுகள் தோலை வெளிநோக்கி விரித்தவாறே சீவுகின்றன. உருளையின் நீளம் முழுவதும் போய்வரும் சாணைக்கல் அவற்றுக்குப் பதமேற்றுகிறது. சாணை ஏறுந்தோறும் அலகு தேய்கிறது. தேய்ந்த அளவுக்கு இடைவெளியைத் திருத்தாவிடில் தோலின் கனம் கெடும். ஷூவின் மேல்தோலுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் கேட்டவருக்கு ஒன்றரை போய்ச் சேர்ந்தால் சரக்குத் திரும்பிவிடும். கல்லில் கொழுப்பு அப்பிக்கொண்டால் வைரமுனையால் அதன் முகத்தைச் சீர்செய்ய வேண்டும். மழுங்கிய அலகு தோலில் குறுக்கு வரிகளை விட்டுச் செல்லும். கூர்மையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே யந்திரத்தின் ஓசையால் அறிவது இத்தொழிலின் சூட்சுமம். அதற்குப் பாடப்புத்தகம் போதாது.

1948-இல் அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பதனீட்டு இரசாயனத்துக்குச் செய்துள்ள தொண்டு மகத்தானது. அத்தகைய கவனம் சாணைக்காரரின் அனுபவ அறிவுக்கும் கிட்ட வேண்டும். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ உள்ள வாசகர் எவரேனும் தம் பழைய ஷாப்பின் மூலையில் இருபிடிக் கத்தி ஒன்றைக் காண்பாராயின், அதைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிடாமல் வேலூர்க் கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன்.