உயர்ந்ததா, உயர்த்தினார்களா? நம் வேலூர் வரலாற்றில் இரண்டு வினைச்சொற்கள்



ஆங்கிலத்தில் 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்று இரண்டு வினைச்சொற்கள் உண்டு. நன்கு படித்தவர்களும் இவற்றில் தடுமாறுவார்கள். தமிழ் இலக்கணம் படித்த நமக்கு இது எளிது. 'ரைஸ்' என்றால் தானே எழுவது, தன்வினை. 'ரெய்ஸ்' என்றால் இன்னொன்றை எழுப்புவது, பிறவினை. எழு–எழுப்பு, உயர்–உயர்த்து போலத்தான். 'ரைஸ்' என்பதன் இறந்தகாலம் 'ரோஸ்'. அதற்குச் செயப்படுபொருள் வராது. 'ரெய்ஸ்' என்பதன் இறந்தகாலம் 'ரெய்ஸ்டு'. அங்கே 'எதை?' என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. முன்னது பழைய ஆங்கிலச் சொல். பின்னது வடக்கேயிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி தந்தது.

நம் கோட்டையிலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி கிரடாக் புதிய உடை விதிகளைக் கொண்டுவந்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் பதித்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்றார். 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். இது 'ரோஸ்'. திப்புவின் மைசூர்க் கொடியைக் கோட்டையில் ஏற்றினார்கள். இது 'ரெய்ஸ்டு'. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். ஆனாலும் கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இனி பாலாற்றுக்கு வருவோம். 'கிணற்று நீரில் உப்பு உயர்ந்தது' என்று சொல்லிப் பாருங்கள். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் யாருக்கும் பொறுப்பில்லாமல் வாக்கியம் முடிந்துவிடும். 'உப்பை உயர்த்தினார்கள்' என்றால் உடனே 'யார்?' என்ற கேள்வி வரும். பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, டேனரியில் ஊறவைத்துக் கழுவும்போது கழிவுநீரோடு வெளியேறி மண்ணில் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அது எடுத்துச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை ஏற்று, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தன்வினையாகச் சொல்லிவந்ததை நீதிமன்றம் பிறவினையாக்கிக் கேட்டது என்பேன்.

தோல் தொழில் நமக்குச் சோறு போட்ட தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கூலியில்தான் படித்தார்கள். அதை மறக்க வேண்டாம். கிணறு இழந்த விவசாயியையும் மறக்க வேண்டாம்.

செய்தித்தாளில் 'விலை உயர்ந்தது', 'நீர்மட்டம் குறைந்தது' என்று படிக்கும்போது, உயர்த்தியவர் யார், குறைத்தவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள். இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல.

நலமுடன் வாழ்க.