லேபிளை நம்பலாமா?

கெமிஸ்ட்ரி லேப் அண்ணன் சொல்வார்: "லேபிள் இல்லாத பாட்டிலா? ஆசிட்னே நெனச்சுக்கோ தம்பி." ஒருநாள் அவசரத்தில் நான் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன், சுட்டது நண்பன் கை. அந்தத் தழும்பைப் பார்த்தால் இன்றும் மனம் கூசும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். 1997-ல் வந்த ஹெச்.டி.டி.பி. 1.1 விதிகளில் 'கெட்' கட்டளை தகவல் பெற மட்டுமே. பலர் 'அழி' என்பதையும் அதிலேயே வைத்தார்கள். 2005-ல் கூகுளின் வெப் ஆக்ஸிலரேட்டர், வேகத்துக்காக இணைப்புகளை முன்கூட்டியே திறந்து பார்த்தது. சிலருடைய பதிவுகள் அழிந்தே போயின!

ஏ.ஐ. உதவியாளரை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையை 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் வெளியிட்டது. 2025 மார்ச்சில் அதன் கருவிகளுக்கும் லேபிள் வந்தது: படிக்க மட்டுமா, அழிக்குமா, திரும்பச் செய்தாலும் பலன் ஒன்றுதானா, வெளியுலகைத் தொடுமா? லேபிள் இல்லையென்றால் அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும். அண்ணன் சொன்னதேதான்! நம்பிக்கைக்கு உரியவர் தராத லேபிளை நம்பக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளே, லேபிளை நிதானமாக ஒட்டுங்கள். அடுத்தவர் ஒட்டியதா? யார் ஒட்டினதுன்னு ஒரு தடவை பாத்துக்குங்க.